இராஜாஜியின் ஆட்சியும் அதன் எச்சமும்

மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால், வெயில் காய்வதே முதல் வேலை. அத்தகைய ஒரு காலைப்பொழுதில், அமெரிக்காவில் சில ஆண்டுகள் படித்துத் திரும்பிய அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், அந்நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த ரொனால்டு ரீகனைப் பற்றி நம்மிடம் வியந்து பேசிக்கொண்டிருந்தார். "அரசாங்கம் சுருங்கினால்தான் மக்கள் வளர்வார்கள் என்று துணிந்து சொன்னவர் அவர்தான், சார்" என்றார். அருகே நாளிதழில் ஆழ்ந்திருந்த தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். "அவருக்கு இருபது ஆண்டு முன்னாலேயே நம் சேலத்து வக்கீல் ஒருவர் அதைச் சொல்லிவிட்டாரே, தம்பி!" என்றார். இளைஞருக்கு அது புதிய செய்தி. இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்த உரையாடலே.

ரீகன் 1981 முதல் 1989 வரை பதவி வகித்தார். அன்றைய இடர்ப்பாட்டுக்கு அரசாங்கம் மருந்தன்று, அதுவே நோய் என்னும் கருத்தைப் பதவியேற்ற நாளிலேயே அவர் அறிவித்தார். உயர்ந்த வருவாய்க்கு 70 விழுக்காடாக இருந்த மத்திய வருமான வரி, அவர் காலத்தில் 28 விழுக்காடாகக் குறைந்தது. வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களை அவர் பணிநீக்கம் செய்தார். ஆயினும் படைச்செலவு பெருகிற்று. நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. சிக்கனம் பேசிய ஆட்சி பெருங்கடனை விட்டுச் சென்றது. சோவியத் நாட்டின்மீது கடுமொழி பேசியவரே, 1987இல் கோர்பச்சேவுடன் அணு ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஒரு தலைவரின் கொள்கை ஒரு திசையில் நிற்க, அவருடைய எச்சம் வேறொரு திசையில் நிற்பது உண்டு. இந்த உண்மை நம் இராஜாஜியின் வாழ்விலும் தெளிவாகப் புலப்படுகிறது.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் முதலமைச்சருக்குப் பிரதம மந்திரி என்று பெயர். இரண்டேகால் ஆண்டே நீடித்த அந்த ஆட்சி செய்த செயல்கள் பல. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கடனில் மூழ்கிய உழவர்களைக் காக்க 1938இல் ஒரு சட்டம் பிறந்தது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய, 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி.

அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர், அதுகாறும் ஆலயத்துள் விடப்படாத மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்றார். அவர்கள்மீது வழக்கு வாராதபடி காக்க அரசாங்கம் முதலில் அவசரச் சட்டமும், பின்னர் முறையான சட்டமும் இயற்றிற்று. இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். முன்னே சென்றவை மக்களின் கால்கள். பின்னே வந்தது சட்டம்.

இந்தி விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடம் என ஆணை பிறந்தது. இங்கே ஆணை முன்னே சென்றது, மக்கள் பின்தொடரவில்லை. மறியல் மூண்டது. பெரியார் சிறை புகுந்தார். சிறையிலிருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் அந்த ஆணையை நீக்கினார்.

இந்தியாவின் தலைமை ஆளுநராக இதே டெல்லி மாநகரில் வீற்றிருந்த பின்னர், 1952 ஏப்ரலில் அவர் மீண்டும் சென்னையின் முதலமைச்சரானார். பேரவையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிட்டியவை 152 மட்டுமே. நிலையற்ற அந்த வேளையில் அவர் செய்த முதற்பெருஞ்செயல், உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. ரேஷன் அட்டையும், ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்திற்கு அரிசி கொண்டுபோக அனுமதிச் சீட்டும் வழக்கமாகிவிட்ட காலம் அது. கட்டுப்பாட்டை நீக்கினால் பஞ்சம் வருமென்று அஞ்சினோர் பலர். பதுங்கிய நெல் வெளிவரும் என்று நம்பினார் இராஜாஜி. 1952 ஜூனில் கட்டுப்பாடு நீங்கியது. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. மத்திய உணவமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அதே வழியில் சென்று, 1954க்குள் நாடெங்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

இவ்வளவு கொண்டு, அவர் அரசாங்கத்தின் கையை எப்போதும் கட்டிவைத்தவர் என்று எண்ணலாகாது. அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாட்களையும் குத்தகை உழவர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றாதபடி காக்க அவசரச் சட்டம் கொணர்ந்தவரும் அவரே. 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் வகுத்தவரும் அவரே. பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். பணமும் கட்டடமும் போதாத நிலையில், இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்தவரும் முடி திருத்தியவரும், தம் பிள்ளை அத்தொழிலினின்று விடுபடவன்றோ பள்ளிக்கு அனுப்பினார்கள்? நாடு அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சராகித் திட்டத்தைக் கைவிட்டார். கணக்கில் தேர்ந்த அறிஞர், ஏழைத் தகப்பனின் மனத்தைக் கணக்கில் சேர்க்கத் தவறினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் 1959இல், எண்பது வயதில், அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கூட்டுறவுப் பண்ணை முறையையும், பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்னும் மும்முடிச்சையும் எதிர்ப்பதே அதன் நோக்கம். தொழில் தொடங்குவோன் அதிகாரியின் வாயிலில் காத்துக்கிடந்தால் ஊழலே விளையும் என்று அவர் எச்சரித்தார். 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அவர் 1972இல் மறைந்தார். கட்சியும் 1974இல் வேறொரு கட்சியிற் கலந்தது. ஆயினும் 1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசாங்கம் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை நீக்கியபோது, பழைய எச்சரிக்கையைப் பலர் நினைவு கூர்ந்தனர்.

இனி மற்றைய எச்சங்களைக் காண்போம். மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவி, 1971இல் நீங்கிற்று. முதலமைச்சர் கருணாநிதியை முதியவர் நேரிற் சென்று வேண்டியும் பயனில்லை. பிற்காலத்தில் மது வாணிபத்தை அரசாங்கமே ஏற்று நடத்தலாயிற்று. ஆனால் மதுவிலக்குக்காகப் பிறந்த விற்பனை வரி நீங்கவில்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அதன் பெரும்பகுதி புதிய வரியில் அடங்கிற்று. மதுவும் பெட்ரோலும் வெளியே நின்றன. மதுவை ஒழித்த இழப்பை ஈடுசெய்யப் பிறந்த வரி, முடிவில் மதுவையே தனக்குப் புகலிடமாகக் கொண்டது! ரீகனின் சிக்கனம் கடனில் முடிந்ததற்கு இது சளைத்ததன்று.

இந்தியைப் பற்றியும் ஒரு சொல். 1938இல் அதைக் கட்டாயமாக்கிய இராஜாஜியே, 1950களின் இறுதியில், இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார். தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை. ஆங்கிலமும் தொடரலாம் என்று 1963இல் சட்டம் வந்தது. சில ஆவணங்கள் இரு மொழியிலும் வெளிவர வேண்டுமென்று 1967இல் அது திருத்தப்பட்டது. மொழிபெயர்ப்பாளராகிய நாம் நாள்தோறும் உண்ணும் சோறு அந்தச் சட்டத்தின் வழியே வருகிறது. ஆகவே இதை ஒரு பக்கம் சார்ந்து பேசுதல் நமக்கு எளிதன்று.

ஆயினும் கண்ணெதிரே காண்பதைச் சொல்லலாம். மோதி பாக்கின் மைதானத்தில் ஆடும் தமிழ்ப் பிள்ளைகள் இந்தியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறார்கள். தோழமைதான் அவர்களுக்கு ஆசான். அதே பேட்டையில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் நடக்கிறது. 1923 முதல் அந்தக் கழகத்தை வளர்த்தவர்கள், பிழைக்க வந்த இடத்தில் தம் மக்கள் தமிழை மறக்கலாகாது என்று விரும்பிய தாய் தந்தையரே. எந்த ஆணையும் இந்த இரண்டையும் செய்யவில்லை.

இராஜாஜியின் ஆட்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்க பாடம் இதுவே. மக்கள் நடந்த வழியில் பின்வந்து காவல் நின்ற சட்டம் நிலைத்தது. மக்களை நம்பிக் கட்டவிழ்த்த செயல் வென்றது. மக்களைக் கேளாமல் முன்னே நின்று ஏவிய ஆணை, எத்துணை நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், வீழ்ந்தது. அன்று வெயிலில் அமர்ந்திருந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் ரீகனை விட்டுவிட்டு இவரைப் படிக்க வேண்டுமா, சார்?" என்று கேட்டார். "இருவரையும் படியுங்கள், தம்பி, சொல்லை ஒரு தட்டிலும் எச்சத்தை மறு தட்டிலும் இட்டுப் படியுங்கள்" என்றோம்.