நெற்களத்துக் கண் நோய்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாயும் திருச்செந்தூர் வட்டாரத்தில் பிசான நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும். சூடடிக்கும் களத்தில் பதரும் சுணையும் பறக்கும். கண்ணில் விழுந்ததைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டு, தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடுவது பழைய வழக்கம். சிலருக்கு அடுத்த வாரமே கண் சிவந்து, கருவிழி வெளுத்துப் பூ விழும்.

இதற்குப் பூஞ்சை காரணமாகலாம் என்பதை 1879இல் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லெபர் முதலில் காட்டினார். அவரிடம் வந்தவரும் கதிரடிக்கையில் ஓட்ஸ் உமி கண்ணில் பட்ட உழவர்தான். பிறகு லெபர் முயலின் கருவிழியில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையைச் செலுத்திப் பார்த்தார். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. ஆனாலும் ஓரத்துக் குழாய்களிலிருந்து வெள்ளணுக்கள் கிளம்பிப் பூஞ்சையை நோக்கி நகர்ந்தன. 1888இல் அவர் இதை விவரித்தார். அதற்கு முன்பே, 1884இல், நீர்த்தெள்ளின் உடலுக்குள் ஈஸ்ட் வித்துகளை அணுக்கள் விழுங்குவதை உயிரியலாளர் மெச்னிகோவ் எழுதியிருந்தார். பாடநூல்கள் பாக்டீரியாவை முன்னிறுத்தினாலும், விழுங்கணுக்களின் கதை பூஞ்சையில்தான் சூடுபிடித்தது.

உறங்கும் அஸ்பர்ஜில்லஸ் வித்தை ஒரு புரத உறை மூடியிருப்பதால் அணுக்களுக்கு அது எளிதில் தென்படாது. முளைக்கையில் உறை விலகி, பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலி வெளிப்படும். டெக்டின்-1 என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொள்வது 2001இல் தெரியவந்தது. அந்தச் சைகையில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் திரளும். நீண்ட இழையை விழுங்க இயலாததால் அவை சூழ்ந்து நின்று நச்சு ஆக்சிஜனை உமிழும். இரும்பும் துத்தநாகமும் பூஞ்சைக்குக் கிட்டாமல் தடுக்கும். அவை வெளியிடும் நொதிகள் கருவிழியின் கொல்லாஜனையும் கரைத்துவிடும். ஆகவே பூ விழுவதற்குப் பூஞ்சை மட்டும் பொறுப்பல்ல.

திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் தொடங்கியது. அங்கே 1999 முதல் 2002 வரை ஆராயப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிழிப் புண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பூஞ்சையால் வந்தது. பூஞ்சைப் புண் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில் பட்டது ஏதோ ஒரு தாவரப் பொருள். பூஞ்சைகளில் ஃபுசேரியம் முதலிடம், அஸ்பர்ஜில்லஸ் இரண்டாமிடம். புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் இழைகள் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை செய்யாமல் மருந்துக்கடையில் வாங்கி விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைத் தணிக்கும். கூடவே வெள்ளணுக்களையும் அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிடும். எந்த மருந்து நல்லது என்பதை அரவிந்த் மருத்துவமனைகள் பங்கேற்ற ஆய்வு 2013இல் தெளிவாக்கியது: புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாடாமைசினே மேல், அதிலும் ஃபுசேரியத்துக்கு.