கிங்பின்: பின்னால் எழுதப்பட்ட முன்கதை

1967 ஜூலை தேதியிட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 50ஆம் இதழில்தான் கிங்பின் முதன்முதலாக வருகிறான். அங்கே அவனுக்குப் பட்டம் மட்டுமே உண்டு; பெயர் இல்லை, பெற்றோர் இல்லை, பிள்ளைப்பருவம் இல்லை. மார்வெல் நாயகர்களின் நிலைமை வேறு. பீட்டர் பார்க்கரைச் சிலந்தி கடித்ததும் அங்கிள் பென் கொலையுண்டதும் 1962 ஆகஸ்டில் வந்த முதல் கதையிலேயே சொல்லி முடிக்கப்பட்டவை. வில்சன் ஃபிஸ்க் என்ற பெயரும், உடற்பருமனால் கேலிக்கு ஆளான ஏழைச் சிறுவன் என்ற வரலாறும் கிங்பினுக்குப் பிறகு சேர்க்கப்பட்டவை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பலர் கைபட்டு வளர்ந்த அந்த முன்கதை, அமெரிக்கா தன் தாதாக்களை எந்தெந்தக் காலத்தில் எப்படிப் பார்த்தது என்பதற்கான சான்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கச் சித்திரக்கதைக்குள் தாதா நுழைந்தது செய்தித்தாள் வழியாக. செஸ்டர் கோல்ட் வரைந்த ‘டிக் டிரேசி’ 1931 அக்டோபர் 4 அன்று தொடங்கியது. அதில் துப்பறிவாளனின் முதல் எதிரிகளில் ஒருவனான ‘பிக் பாய்’, அல் கபோனைப் பார்த்து உருவாக்கப்பட்டவன். தொடர் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கபோன் வரி ஏய்ப்பு வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 1942 முதல் ‘கிரைம் டஸ் நாட் பே’ போன்ற இதழ்கள் உண்மைக் கொள்ளையர்களின் வாழ்க்கையையே சரக்காக்கின. அவற்றில் தாதாவின் இளமை, ஏற்றம், பகட்டு எல்லாம் விரிவாக வரும். கடைசிப் பக்கத்தில் தண்டனை வரும். எதற்காக அவற்றை வாங்கினார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் போக்கை முறித்த நிகழ்வும் மாஃபியா விசாரணையும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே ஆளைச் சுற்றி நடந்திருப்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். 1951 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபோலி சதுக்க நீதிமன்றக் கட்டடத்தில், செனட்டர் எஸ்டஸ் கீஃபாவர் தலைமையிலான குழு ஃபிராங்க் காஸ்டெல்லோவை விசாரித்தது. தன் முகத்தைக் காட்டக் காஸ்டெல்லோ மறுத்ததால் தொலைக்காட்சிக் கேமரா அவருடைய கைகளை மட்டுமே காட்டியது. நாடே அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாண்டு கழித்து, 1954 ஏப்ரலில், அதே ஃபோலி சதுக்கத்தில் காமிக்ஸ் மீது விசாரணை. வெட்டிய பெண் தலையும் கோடரியும் இருந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, இது நல்ல ரசனையா என்று பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸைக் கேட்டவரும் கீஃபாவர்தான். திகில் இதழுக்கு அது நல்ல ரசனையே என்றார் கெய்ன்ஸ். அந்தப் பதிலின் விலையைத் தொழில் முழுவதும் கொடுத்தது. அந்த ஆண்டே பதிப்பாளர்கள் கூடி ‘காமிக்ஸ் கோட்’ என்ற சுயதணிக்கை விதிகளை வகுத்தார்கள். குற்றவாளிமீது வாசகருக்கு அனுதாபம் வரக்கூடாது, அவனைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது, காவல்துறை, நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோருக்கு மதிப்புக் குறையும்படி எதுவும் வரக்கூடாது என்றன விதிகள். கிங்பின் முன்கதையில்லாமல் பிறந்ததற்கு இந்தச் சூழல் முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். பிள்ளைப்பருவம் என்று ஒன்றைக் கொடுத்தாலே அனுதாபமும் கூடவே வந்துவிடுமே.

ஸ்டீவ் டிட்கோ வரைந்த காலத்து ஸ்பைடர்மேன் கதைகளில் குற்றக்கும்பல் தலைவன் முகமூடிக்காரன். 1964இல் 10ஆம் இதழில் வந்த ‘பிக் மேன்’, பஞ்சு திணித்த உடைக்குள் ஒளிந்திருந்த ஃபிரெடெரிக் ஃபாஸ்வெல் என்ற குள்ளமான நிருபர். 1966இல் டிட்கோ விலக, ஜான் ரொமிட்டா வந்தார். அவரும் ஸ்டான் லீயும் உருவாக்கிய கிங்பினுக்கு முகமூடி கிடையாது. வழுக்கைத் தலை, வெள்ளைக் கோட்டு, கழுத்துத் துணியில் வைர ஊசி, கையில் தடி. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் நடித்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் சாயல் அவனிடம் உண்டு என்பார்கள். கொழுப்பு என்று எண்ணி அடிக்கப் போகும் ஸ்பைடர்மேனுக்கு அது முழுக்கத் தசை என்பது அடி வாங்கும்போதுதான் புரிகிறது. ஸ்பைடர்மேன் உடையைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டுப் போன இடைவெளியில் கிங்பின் நகரத்துக் கும்பல்களை ஒன்றாக்குகிறான். 52ஆம் இதழில் தன் பத்திரிகை முதலாளி ஜேம்சனைக் காக்கப் போய் ஃபாஸ்வெல் உயிரை விடுகிறான். முகமூடித் தலைவனின் காலம், முகமூடி தேவைப்படாதவனின் ஆட்கள் கையில் முடிந்தது. இருந்தாலும் தடியில் லேசர், ஊசியில் மயக்கவாயு என்று அவனுக்கு விளையாட்டுச் சாமான்களும் தந்திருந்தார்கள். அந்த அளவில் அவன் இன்னும் சிறுவர்களின் வில்லன்தான்.

பிறகு குடும்பம் வந்தது. 1969இல் மனைவி வனெஸா. 1970இல் ‘ஸ்கீமர்’ என்ற வேடத்தில் அப்பனையே கவிழ்க்க வந்த மகன் ரிச்சர்ட். மரியோ பூஸோவின் ‘தி காட்ஃபாதர்’ நாவல் வெளிவந்ததும் 1969இல்தான். ஒன்றைப் பார்த்து மற்றது வந்தது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். தாதாவை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை அப்போது காற்றில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1971இல் காமிக்ஸ் கோட் தளர்ந்தது. விதிவிலக்காகக் காட்டித் தண்டனையும் கொடுத்தால், அரசு அதிகாரிகளின் ஊழலையும் கதையாக்கலாம் என்றானது.

அந்தத் தளர்வின் முழுப் பயனை எடுத்தவர் ஃபிராங்க் மில்லர். 1981 மே மாத ‘டேர்டெவில்’ 170ஆம் இதழில், ஓய்வுபெற்று ஜப்பானில் வாழும் கணவனாகக் கிங்பினை அறிமுகம் செய்கிறார். தொழிலை விடச் சொன்னவள் வனெஸா. அவள் கடத்தப்பட்டு, இறந்துவிட்டாள் என்று அவன் நம்பியதும் பழைய நாற்காலிக்குத் திரும்புகிறான். வெளியுலகுக்கு அவன் மசாலாப் பொருள் இறக்குமதி செய்யும் கண்ணியமான வணிகன்.

மில்லர் எழுத, டேவிட் மஸூக்கெல்லி வரைய, 1986இல் 227 முதல் 233 வரையான இதழ்களில் வந்த ‘பார்ன் அகெய்ன்’தான் உச்சம். போதைக்கு அடிமையான பழைய காதலி காரென் பேஜ், ஒரு ஊசி மருந்துக்காக டேர்டெவிலின் உண்மைப் பெயரை விற்கிறாள். கை மாறி மாறி அது கிங்பினிடம் போய்ச் சேருகிறது. அவன் ஆளை அனுப்பி அடிக்கவில்லை. டேர்டெவிலாகிய வக்கீல் மேட் மர்டாக்கின் வங்கிக் கணக்கு முடங்குகிறது. வரித்துறை கடிதம் வருகிறது. நேர்மையான ஒரு காவல் அதிகாரி பொய்ச்சாட்சி சொல்ல, வக்கீல் தொழிலும் போகிறது. நடப்பது எல்லாம் தபாலிலும் கோப்பிலும்தான். கடைசியில் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்க்கிறானே, அதுதான் அவன் செய்த ஒரே தவறு. அதுவரை கெட்ட காலம் என்று நினைத்திருந்த மேட், அந்தக் குண்டில்தான் கிங்பினின் கையெழுத்தைப் படிக்கிறான். 1967இல் தசையில் இருந்த பலம் இங்கே அலுவலகத்துக்கு இடம் மாறிவிட்டது. ஸ்டான் லீயும் ரொமிட்டாவும் வைத்தது அவனுக்கு முதல் பிறப்பு என்றால், இது இரண்டாவது, வலுவானதும் இதுவே.

அதே 1986 நவம்பரில், நியூயார்க் மாஃபியாவின் தலைமைக் குழுவான ‘கமிஷன்’ மீதான வழக்கில் எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. குற்றக்கும்பல்களுக்கு எதிராக 1970இல் வந்த ரீகோ சட்டமே அதற்கு ஆயுதம். கட்டுமானத் தொழிலின் கான்கிரீட் ஒப்பந்தங்களில் அவர்கள் பங்கு பிடுங்கியதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிஜத் தாதாக்கள் தீர்ப்புக்கு ஆளான ஆண்டில் காகிதத் தாதா கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைப்பருவம் மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. சுமோ முதலிய பயிற்சிகளால் உடலை ஆயுதமாக்கியது, தாதா ஒருவனுக்குக் காவலாளாகச் சேர்ந்து பிறகு அவனையே கொன்றது எனத் துண்டுதுண்டாகச் சேர்த்தார்கள். 2015இல் வந்த நெட்ஃபிளிக்ஸின் ‘டேர்டெவில்’ தொடரோ ஒரே காட்சியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டது: தாயை அடிக்கும் தகப்பனைச் சுத்தியலால் கொல்லும் சிறுவன். அன்று வெறித்துப் பார்த்த வெள்ளைச் சுவர் போலவே இருக்கும் ஓவியத்தை, வளர்ந்த ஃபிஸ்க் வனெஸாவிடம் விலைக்கு வாங்குகிறான். வின்சென்ட் டோனோஃப்ரியோ அந்தப் பாத்திரத்தை அருமையாகச் செய்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் தகப்பன் கொடுமையால் தாதா உருவானான் என்றதும், அவனுக்கு விலைபோன வங்கி, காவல்நிலையம், நீதிமன்றம் எல்லாம் பின்னணிக்குப் போய்விடுகின்றன. 2017 வாக்கில் காமிக்ஸிலும் 2025இல் தொலைக்காட்சியிலும் ஃபிஸ்க் நியூயார்க் மேயராவதை ஒரு திருத்தமாகவே படிக்கிறேன். இப்போது அவனுக்கு வாக்களித்தவர்களும் கதையில் இருக்கிறார்கள்.

முன்கதைகளில் மிகப் பிரபலமானது சுத்தியல் காட்சிதான். மிக மெலிந்ததும் அதுவே. கிங்பினைப் புதிதாக அறிய விரும்புபவர்கள் ‘டேர்டெவில்’ 227ஆம் இதழிலிருந்து தொடங்குங்கள். தொலைக்காட்சித் தொடரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.