பெருந்தொற்றுக் காலத்தில் கப்பல் சுற்றுலா: முன்பதிவை ரத்து செய்யும் முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்த பின் பெருந்தொற்று பரவினால், பயணத்தை ரத்து செய்வது பயணியா, நிறுவனமா என்பதைப் பொருத்தே பணம் திரும்பக் கிடைப்பது பெரிதும் அமைகிறது.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 700-க்கும் மேற்பட்டோருக்கு கரோனா தொற்று ஏற்பட்டது. அவர்களுடன் 138 இந்தியர்களும் அக்கப்பலில் சிக்கியிருந்தனர். மூடிய அறைகளும் பொது உணவுக்கூடங்களும் தொற்று பரவ ஏதுவானவை என்பதால், முதியோரும் நாள்பட்ட நோயாளிகளும் பண இழப்பைவிட உடல்நலத்தையே முதலில் கருத வேண்டும்.

அரசுத் தடையால் பயணம் இயலாமற்போனால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56-ஆவது பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகிறது. பெற்ற தொகையைத் திருப்பியளிக்க 65-ஆவது பிரிவு வகை செய்கிறது. பயணி தாமாக ரத்து செய்தால், முன்பதிவு நிபந்தனைகளின்படி கட்டணம் பிடித்தம் செய்யப்படும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க இப்பிடித்தம் பொதுவாக உயரும். எனவே, நிறுவனமே ரத்து செய்யட்டும் எனக் காத்திருப்போர் அத்தேதிகளை முன்னரே குறித்துக்கொள்வது அவசியம்.

பொதுமுடக்கக் காலப் பயணச்சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது குறித்து 2020 அக்டோபர் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு விமானப் பயணங்களுக்கானது. கப்பல் பயணங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தாது.

நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பயணி தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். திருவனந்தபுரவாசிகள் இதற்காக மும்பை செல்ல வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.