ஏசி மெக்கானிக் ஆக ஐடிஐ படிப்பு அவசியமா.. அனுபவமே போதுமா? முழு விவரம்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். "ஏசி வேலைக்கு நல்ல டிமாண்ட் இருக்கு, ஐடிஐ-ல சேர்த்துவிடலாம்" என்பார் அப்பா. "ரெண்டு வருஷம் எதுக்கு வீணாக்கணும்? தெரிஞ்ச கடையில ஹெல்பரா விடுங்க மச்சான், ஆறு மாசத்துல தொழில் கத்துக்குவான்" என்பார் மாமா. பையனோ பொண்ணோ நடுவில் முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐடிஐ முடித்தும் சரியான வேலை கிடைக்காமல் இருப்பவர்களும் உண்டு. படிக்காமலேயே சொந்தமாக சர்வீஸ் கடை நடத்துபவர்களும் உண்டு. அப்படியென்றால் அந்தச் சான்றிதழுக்கு உண்மையில் என்ன மதிப்பு? எங்கே அது கைகொடுக்கும், எங்கே கைவிடும்? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன படிப்பு இது?

வீட்டு ஏசி முதல் மால், மருத்துவமனை, ஐடி பார்க் ஆகியவற்றின் சென்ட்ரல் ஏசி வரை எல்லாம் சேர்ந்த துறைக்கு ஹெச்விஏசி என்று பெயர். ஹீட்டிங், வென்டிலேஷன், ஏர் கண்டிஷனிங் என்பதன் சுருக்கம் இது. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டிங் வேலை குறைவுதான். அந்த இடத்தை ஃபிரிட்ஜ், கோல்டு ஸ்டோரேஜ், மீன்பிடித் துறைமுகங்களில் உள்ள ஐஸ் பிளான்ட் போன்ற குளிர்பதன வேலைகள் நிரப்பிவிடுகின்றன.

ஐடிஐ-யில் இதற்கான டிரேடின் பெயர் 'ரெஃப்ரிஜிரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன்'. எம்ஆர்ஏசி என்ற பழைய பெயரில் சொன்னால்தான் பலருக்கும் புரியும். இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்கள் 14 முதல் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது.

அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையுடன் சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், பஸ் பாஸ் ஆகியவையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களாக இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

ரெண்டு வருஷம் என்னதான் சொல்லித் தருவாங்க?

முதலில் அடிப்படை ஃபிட்டிங், ஷீட் மெட்டல், எலெக்ட்ரிக்கல் வேலைகள். அடுத்து காப்பர் டியூபை வெட்டுவது, வளைப்பது, ஃப்ளேர் செய்வது, கேஸ் வெல்டிங்கில் பிரேஸிங் வைப்பது. அதன்பிறகு ஃபிரிட்ஜ், விண்டோ ஏசி, ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டர் ஏசி. மேலே போகப் போக கார் ஏசி, விஆர்எஃப், சில்லர், கூலிங் டவர் என்று பாடம் விரியும்.

இதில் பெரும்பகுதி செய்முறைதான் என்றாலும், கடையில் கிடைக்காதது தியரி. குளிர் எப்படி உருவாகிறது, கம்ப்ரஸரில் அழுத்தம் ஏன் ஏறுகிறது, ஒரு அறைக்கு எத்தனை டன் ஏசி தேவை என்பதையெல்லாம் ஓடி ஓடி வேலை பார்க்கும் சீசனில் சொல்லித்தர எந்த மேஸ்திரிக்கும் நேரம் இருக்காது.

"கேஸ் கம்மியா இருக்கு சார்!"

தியரி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வசனம் போதும். கூலிங் குறைந்துவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டால், பல நேரம் வரும் பதில், "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்" என்பதுதான்.

ஏசிக்குள் கேஸ் சுற்றிவரும் பாதை முழுவதும் மூடப்பட்டது. பெட்ரோல் மாதிரி அது எரிந்து தீர்ந்துபோகாது. கேஸ் குறைந்திருந்தால், எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். முறையாகப் பயிற்சி பெற்றவர் முதலில் லீக்கைக் கண்டுபிடித்து அடைப்பார். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார். வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவார். கடைசியாக, கம்பெனி சொன்ன எடைக்குத் தராசு வைத்து கேஸ் ஏற்றுவார்.

இதில் ஒரு படியை விட்டாலும் விலை உண்டு. உள்ளே தங்கும் ஈரம் ஆயிலுடன் சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரஸரையே கெடுத்துவிடும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஏற்றி டெஸ்ட் செய்தால், அது ஆயிலுடன் சேர்ந்து வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. இந்த இடத்தில் அறியாமையின் விலை, வேலை செய்பவரின் உயிர்.

அப்போ சான்றிதழ் இல்லாமல் வேலை பார்க்க முடியாதா?

முடியும். இந்தியாவில் வீட்டு ஏசியைப் பழுதுபார்க்க லைசென்ஸ் கட்டாயமில்லை. அமெரிக்காவில் ஏசி கேஸைக் கையாள, தூய காற்றுச் சட்டத்தின் 608-வது பிரிவின் கீழ் தேர்வு எழுதி சான்று பெற வேண்டும். இங்கே அப்படி ஒரு தடை இல்லாததால், ஹெல்பராகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள்தான் சர்வீஸ் துறையில் ஏராளம். அவர்களில் கைத்திறன் மிக்கவர்களுக்கும் குறைவில்லை.

ஆனால், இந்தப் பாதை ஒரு கட்டத்தில் முட்டி நிற்கும்.

சான்றிதழ் எங்கே கைகொடுக்கும்?

* அரசு வேலை: ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு ஏற்கப்படும் ஐடிஐ டிரேடுகளில் ஏசி மெக்கானிக் டிரேடும் ஒன்று. இதுபோன்ற பணிகளுக்கு 15 வருஷ அனுபவம் இருந்தாலும், சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

* பெரிய நிறுவனங்கள்: சென்னையை ஒட்டி, ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் டைகின், புளூ ஸ்டார் நிறுவனங்களுக்கு ஏசி தொழிற்சாலைகள் உள்ளன. இதுபோன்ற ஆலைகளிலும், மருத்துவமனை, டேட்டா சென்டர், ஐடி வளாகம் போன்றவற்றின் பிளான்ட் ஆபரேட்டர் வேலைகளிலும் ஆள் எடுக்கும்போது முதல் கேள்வியே "ஐடிஐ-யா, டிப்ளமோவா?" என்பதாகத்தான் இருக்கும்.

* மேற்படிப்பு: இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம். அங்கிருந்து பி.இ. வரைக்கும் பாதை இருக்கிறது.

* வெளிநாடு: வளைகுடா நாடுகளில் ஏசி டெக்னீஷியன்களுக்கு எப்போதும் தேவை உண்டு. சவுதி அரேபியா, ஏசி டெக்னீஷியன் உள்ளிட்ட சில தொழில்களுக்கு விசாவுக்கு முன்பே திறன் சரிபார்ப்புத் தேர்வு வைக்கிறது. ஏஜென்ட்டிடம் பணத்தைக் கட்டும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எங்கே கைகொடுக்காது?

சான்றிதழோடு வந்த ஒருவர் முதல் நாளே ஏழாவது மாடி ஜன்னலுக்கு வெளியே அவுட்டோர் யூனிட் மாட்டிவிட மாட்டார். பயிற்சி நிலையத்தில் ஒரே மெஷினைப் பல பேர் சுற்றி நின்று கற்றிருப்பார்கள். வாடிக்கையாளர் வீட்டில் மின்சார அளவு ஏறி இறங்கும், வயரிங் பழசாக இருக்கும், போர்டில் எர்த் இருக்காது. ஒவ்வொரு வீடும் புதுப் பாடம்தான்.

முதல் சில வருடங்கள் சம்பளமும் பெரிதாக இருக்காது. பல சர்வீஸ் சென்டர்களில் 'கால்' கணக்கில்தான் காசு. மார்ச் முதல் ஜூன் வரை சாப்பிட நேரம் இருக்காது, மழைக்காலத்தில் போன் அடிக்காது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாமல் ஒரு வருஷத்திலேயே வேறு வேலைக்குப் போய்விடுபவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் இருந்தும் தொழில் அமையாமல் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அதற்கு வழி, அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், ஐடிஐ முடித்தவர்கள் நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். முடித்துத் தேர்வில் தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் தனியாகக் கிடைக்கும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சம்பளத்துக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

மாறும் கேஸ்.. மாறும் தொழில்!

இன்று சான்றிதழின் மதிப்பு கூடுவதற்கு இன்னொரு காரணம், ஏசிக்குள் இருக்கும் கேஸ் மாறிக்கொண்டே இருப்பது. பல ஆண்டுகள் கோலோச்சிய ஆர்-22 ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், அந்த வகை கேஸைப் புதிய கருவிகள் தயாரிக்கப் பயன்படுத்த 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அனுமதி இல்லை. இப்போது கடைகளில் விற்கும் வீட்டு ஏசிகளில் ஆர்-32 பரவலாக இருக்கிறது. சில மாடல்களில் ஆர்-290, அதாவது புரொப்பேன்.

ஆர்-22 ஏசி ஓடும்போது குறைந்த அழுத்தப் பக்கத்தில் கேஜ் சுமார் 60 முதல் 70 பிஎஸ்ஐ காட்டும். ஆர்-32 ஏசியில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியதும்கூட. புரொப்பேனோ சமையல் கேஸில் இருக்கும் அதே எரிவாயு. பழைய பழக்கத்தில், உள்ளே கேஸ் இருக்கும்போதே டார்ச்சைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கதை இதோடு முடியவில்லை. 2021-ல் இந்தியா ஏற்ற கிகாலி திருத்தத்தின்படி, ஆர்-32 அடங்கிய ஹெச்எஃப்சி வகை கேஸ்களின் பயன்பாடு 2032 முதல் படிப்படியாகக் குறைந்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். இன்று 16 வயதில் ஐடிஐ சேருபவர், 40 வயதை நெருங்கும்போது வேறொரு கேஸில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மாசத்தில் பார்த்துக் கற்ற தொழில் அதுவரை தாங்காது. அடிப்படை தெரிந்தவர்தான் புதிதாக வருவதையும் கற்க முடியும். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டமும், ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது.

ஏற்கெனவே தொழிலில் இருக்கிறீர்களா?

ஐடிஐ படிக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்பிஎல் முறையில், தெரிந்த தொழிலைச் செய்துகாட்டித் திறன் சான்றிதழ் பெறலாம். அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதவும் வழி இருக்கிறது. தகுதி, கடைசி தேதி விவரங்களை அருகிலுள்ள அரசு ஐடிஐ-யில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

* தனியார் ஐடிஐ என்றால், நிலையத்துக்கு மட்டுமல்ல, இந்த டிரேடுக்கும் என்சிவிடி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஒர்க் ஷாப்பை நேரில் பார்க்கக் கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசி, வேக்குவம் பம்ப், கேஸ் தராசு, பிரேஸிங் செட் எல்லாம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும்.
* போன வருஷம் முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில் அப்ரண்டிஸ் சேர்ந்தார்கள் என்று விசாரியுங்கள்.
* உயரத்தில் ஏறுவது, வெயிலில் நிற்பது, மின்சாரத்தோடு புழங்குவது மூன்றும் இந்தத் தொழிலில் தினசரி. சேருபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

சரி, அப்பா சொன்னது சரியா, மாமா சொன்னது சரியா?

ரெண்டுமே பாதி சரி. தொழில் கையில்தான் இருக்கிறது என்று மாமா சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கை எந்த வாசல் வரை போக முடியும் என்பதைச் சான்றிதழ்தான் தீர்மானிக்கிறது. இரண்டு ஆண்டு ஐடிஐ, அடுத்து ஓராண்டு அப்ரண்டிஸ், லீவு நாட்களில் மாமாவின் கடை. இந்த மூன்றும் சேர்ந்தால், 20 வயதுக்குள் படிப்பும் அனுபவமும் ஒன்றாகக் கையில் இருக்கும்.