குடிநீர்க் கணக்கில் சேராத உழைப்பு

கிராம வாழ்க்கையையும் நகர வாழ்க்கையையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் வசதிகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. வீட்டுக்குக் குழாய் வந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. அக்குழாயில் தண்ணீர் பிடிக்க அவ்வீட்டில் யார் எவ்வளவு உழைக்கிறார் என்பது வேறு செய்தி. இரண்டாவதைக் கேட்காத ஒப்பீடு குறையுடையது என்பதே என் வாதம். தமிழ்நாட்டின் குடிநீரைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என நிர்ணயித்தது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான நெறி 135 லிட்டர். நால்வர் வாழும் வீட்டுக்கு, 15 லிட்டர் குடத்தில் அளந்தால், கிராமத்தில் ஏறக்குறைய 15 குடம், நகரத்தில் 36 குடம். சாக்கடை அடைக்காமல் ஓடக் கூடுதல் நீர் வேண்டும் என்பது சரிதான். ஆனால் கிராமத்து வீட்டில் மாடும் குடிக்கிறதே! கறவை மாடு ஒன்று கோடையில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய நீர் முழுவதையும் குடித்துவிடும். கிணறும் குளமும் வற்றிய ஊரில் அதற்கும் அந்தக் குழாய்தான்.

அந்த நீரும் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை ஆபரேட்டர் திறந்துவிடும் நேரமே பெண்களின் காலைப் பொழுதைத் தீர்மானிக்கிறது. தொட்டிக்கு அருகிலுள்ள வீடுகளில் நீர் வேகமாக விழும். கடைக்கோடித் தெருவில் நூலாக ஒழுகும். அங்கே குழாயடியில் குழி தோண்டி, குழாயைத் தாழ்வாக வெட்டி, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்கிறார்கள். நிரம்பிய குடத்தைக் குனிந்து மேலே தூக்குவது இன்னொரு வேலை. 2023இல் நூறு நாள் வேலைக்குச் செயலியில் இருவேளை படமெடுத்து வருகை பதிவது கட்டாயமானபோது, குழாயடியில் காத்திருந்தவருக்கு அன்றைய கூலியே கேள்விக்குறியானது. புள்ளிவிவரத்தில் இவ்வீடு 'குழாய் இணைப்பு உள்ளது' என்ற பத்தியில் நிற்கும்.

சென்னை அடுக்ககத்தில் இவ்வுழைப்பு பணமாக மாறுகிறது. லாரிக்கும் கேனுக்கும் மோட்டாருக்கும் பராமரிப்புக் கட்டணம் போகிறது. யாரும் குடம் சுமப்பதில்லை. பணமில்லாத நகரவாசிக்கு இந்த மாற்று கிடையாது. வடசென்னைத் தெருக்களில் லாரிக்காக வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்களின் உடைமையாளர்கள் கிராமத்துப் பெண்களைப் போலவே காத்திருக்கிறார்கள். ஆகவே காத்திருப்பவர் யார், காசு கொடுத்துத் தப்புபவர் யார் என்ற கோடு ஊர் எல்லையோடு பொருந்துவதில்லை.

கிராமத்தில் தண்ணீர் இலவசம், நகரத்தில்தான் விலை என்று சொல்வோர் உண்டு. பெண்ணின் நேரத்துக்கு விலையே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் அது உண்மையாகும்.

இரு வாழ்க்கைகளையும் தனித்தனியாக நிறுத்தி ஒப்பிடுவதிலும் பிழை உண்டு. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர், சென்னைக்குத் தண்ணீர் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளும் லாரிகளை நிரப்பின. கிணற்றுக்காரருக்குப் பணம் கிடைத்தது. நிலத்தடி நீர் இறங்கியபோது பக்கத்து வயலுக்கும் கூலியாளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. நகரத்தின் வசதியில் ஒரு பகுதி கிராமத்தின் இழப்பு.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அம்முறையைக் குடிநீர்த் திட்ட மதிப்பீட்டிலும் புகுத்த வேண்டும்: தண்ணீர் பிடித்தவர் யார், எத்தனை நிமிடம் நின்றார், அதற்காக எந்த வேலையை விட்டார், வீட்டில் எத்தனை மாடு என்று ஒவ்வொரு தெருவிலும், முக்கியமாகக் கடைக்கோடித் தெருவில், கேட்க வேண்டும்.