ஆசனமும் பெட்டியும்

வண்டியைச் செய்கிறவர் ஒருவர், அதை முடித்து வைக்கிறவர் வேறொருவர் என்பது நம் நாட்டில் பழைய ஏற்பாடு. மாட்டு வண்டியைத் தச்சர் செய்து கொடுத்தார். கொல்லர் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டார். வண்டிக்காரன் தன் பங்குக்கு அடியில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் மாட்டுக்கு வைக்கோல் வைத்துக் கொண்டான். உட்காருகிற இடத்தில் கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி மேலே கோணியை விரித்தான். ஆசனமும் ஆயிற்று, சாமான் அறையும் ஆயிற்று.

மோட்டார் வந்த பிறகும் இது வெகுகாலம் மாறவில்லை. 1948இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1950இல் இங்கிலாந்தின் லேலண்டோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இத்தகைய கம்பெனிகள் விற்றது பெரும்பாலும் முழு லாரியையல்ல, சேஸிஸைத்தான். டிரைவர் அதை வெயிலிலும் மழையிலும் திறந்தபடியே ஓட்டிக்கொண்டு பாடி கட்டும் ஊருக்குப் போவார். லாரிக்கு நாமக்கல்லும், பஸ்ஸுக்குக் கரூரும் பேர் பெற்றது இப்படித்தான். அங்கே தச்சர்கள் மரச்சட்டம் நிறுத்தித் தகடு அடித்தார்கள். டிரைவருக்குப் பின்னால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும்படி பலகை போட்டார்கள். அதன் அடியில் ஜாக்கி, கயிறு, ஸ்டவ், அரிசி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. டிரைவரும் கிளீனரும் மாதக்கணக்கில் அதில்தான் குடித்தனம் செய்யப் போகிறார்கள் என்பது தச்சருக்குத் தெரியும்.

1980இல் ஓசூரில் அதே கம்பெனி ஆலை வைத்தது. 2011இல் அங்கிருந்து ‘தோஸ்த்’ என்ற சிறு சரக்கு வண்டி வந்தது. இந்த வகை வண்டிகள் காபினோடு முழுசாகவே வருகின்றன. ஆனாலும் ஊர்க்காரர் வேலை தீர்ந்தபாடில்லை. பாரூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்து நெல்லும், தேங்காயும், மாங்காயும் ஏற்றிப் போகும் பிக்கப்புகளைக் கவனித்தால் இது தெரியும். வாங்கிய வாரத்திலேயே வண்டி சீட் கடைக்குப் போய்விடுகிறது. ஆசனத்தில் கெட்டி ஃபோம் வைத்து ரெக்சின் தைக்கிறார்கள். சீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயும் கயிறும் வைக்க இடம். தலைக்கு மேல் காகிதங்களுக்கு ஒரு தட்டு. மாங்காய்க் காலத்தில் கூழ் ஆலை வாசலில் வரிசையில் கிடக்கும் டிரைவருக்கு இவை ஆடம்பரமல்ல. முதுகெலும்பைக் காக்கும் காரியம்.

சர்க்காரும் டிரைவரின் சௌகரியத்தை நினைக்கத்தான் செய்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் காபினுக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. ஆனால் அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு. தோஸ்த் போன்ற சிறு வண்டி அதில் சேராது. அவனுக்கு இன்னும் சீட் கடைக்காரர்தான் கதி.

ஆனால் இந்தக் கைவேலைக்கு ஓர் எல்லை உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உறை மாற்றலாம், பெட்டி வைக்கலாம். பின்னால் சரக்குத் தட்டில் பலகை போட்டு, மாங்காய் பறிக்கிற கூலியாட்களை உட்கார்த்திப் போவது வேறு சங்கதி. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்கு நஷ்ட ஈடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கூலிக்காரப் பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பு தெரியாது. தோட்டத்துக்குப் போக பஸ் இல்லை என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

முன்னால் தைக்கிற ஆசனம் ஒருவனுடைய உழைப்புக்குச் செய்யும் மரியாதை. பின்னால் போடுகிற பலகையோ ஏழையின் உயிரை மலிவாக மதிப்பது. இரண்டையும் ஒரே பட்டறையில் செய்துவிடலாம். எதைச் செய்யச் சொல்வது என்பது வண்டிச் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. பின்பலகையில் ஏறவேண்டிய அவசியமே இல்லாமல் அந்தத் தோட்டத்துப் பாதைக்கு ஒரு பஸ் விடுவது சர்க்கார் கையில் இருக்கிறது.