ஆர்னோ நதியின் பழம்பாலம்

கி.பி. 1333 ஆம் ஆண்டில் ஆர்னோ நதி பெருக்கெடுத்தபோது இத்தாலிய நகரான புளோரன்சின் பழைய பாலம் அள்ளுண்டு போயிற்று. அவ்விடத்திலே 1345 இல் எழுந்ததே பொன்ரே வெக்கியோ. 'பழம்பாலம்' என்பது இப்பெயரின் பொருள். உரோமர் காலந்தொட்டு வழங்கிவந்த அரைவட்ட வளைவுகளைக் கைவிட்டு, தாழ்ந்து அகன்ற மூன்று வளைவுகளால் இதனை அமைத்தனர். நடுவளைவின் அகலம் ஏறத்தாழ 30 மீற்றர். தூண்கள் குறைந்தமையால் வெள்ளமும் அது அடித்துவரும் மரங்களும் எளிதிற் செல்ல வழியேற்பட்டது.

பாலத்தின்மீது கடைகளை அமைத்து நகராட்சி வாடகைக்கு விட்டது. 1442 இல் நகரின் இறைச்சி வணிகர் இங்கு வந்து கூடுமாறு பணிக்கப்பட்டனர். கழிவுகளை நேரே நதியில் எறிந்துவிட்டால் தெருக்கள் தூய்மையாயிருக்குமன்றோ! நதியின் தூய்மை கருதப்படவில்லை போலும். 1495 இல் கடைகள் தனியாருக்கு விற்கப்பட்டன. சீராயிருந்த கட்டடங்கள் அதன்பின்னரே ஒழுங்கிழந்தன. இடம் போதாத உரிமையாளர் பின்னறைகளை மரத்தாங்கிகளின்மேல் நதிப்பக்கமாக நீட்டினர். இன்று ஓவியர் விரும்பி வரையும் தோற்றம் இவ்விட நெருக்கடி தந்ததேயாம்.

1565 இல் கொசிமோ மெடிச்சி, தம் ஆட்சிமனையிலிருந்து அக்கரையிலுள்ள பிற்றி மாளிகைக்குக் குடிமக்களிடையே இறங்காது செல்லவிரும்பி, கடைகளுக்கு மேலாக ஒரு மூடுவழியை வசாரியைக் கொண்டு அமைப்பித்தார். ஐந்தே மாதங்களில் வேலை முடிந்தது. பாலத்தின் ஓரத்திலிருந்த தம் கோபுரத்தை இடிக்க மன்னெல்லி குடும்பத்தார் இசையாமையால் அவ்வழி கோபுரத்தைச் சுற்றி வளைந்து செல்கின்றது. அக்குடும்பத்தாருக்கிருந்த செல்வாக்கு இறைச்சி வணிகருக்கு இருக்கவில்லை. கோமகனின் வழிக்குக் கீழே எழுந்த நாற்றம் பொறுக்கப்படாது, 1593 இல் பேர்டினாண்டோ அவர்களை அகற்றிப் பொற்கொல்லரைக் குடியேற்றினார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கு நிலைபெற்றிருந்த தொழில் ஓராணையால் மறைந்தது. கடையின் உரிமை எவரிடமிருப்பினும், அங்கு எத்தொழில் நிகழலாம் என்பதை அரண்மனையே தீர்மானித்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1944 ஓகஸ்டில் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் நகரின் ஏனைய பாலங்களைத் தகர்த்தனர். இதனை மட்டும் விட்டுவைத்தனராயினும், இருமுனைகளிலுமிருந்த பழைய வீடுகளை வீழ்த்தி வழியை அடைத்தனர். பாலம் தப்பியதைக் கூறுவோர் அவ்வீடுகளை மறந்துவிடுகின்றனர். 1966 நவம்பர் 4 ஆந் திகதி வந்த பெருவெள்ளம் பொற்கடைகளைச் சூறையாடிற்று. 1345 ஆம் ஆண்டு வளைவுகளோ அசையவில்லை.

குடிமக்கள் கண்ணிற் படாது கோமகன் நடந்த மேல்வழி, நெடுங்காலத் திருத்தவேலைகளின் பின்னர், 2024 டிசம்பரிற் கட்டணம் செலுத்தும் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.